குடிக்க ஒரு பாஸ்புக்

ரேஷன் கார்டில் சர்க்கரை வாங்கியிருப்பீர்கள். சரக்கு? ஸ்வீடன்காரர்கள் வாங்கினார்கள் ஸ்வாமி! 1955 வரை, நாடு பூராவும்.

இவான் ப்ராட் என்ற டாக்டரின் ஐடியா. தகுதியுள்ள ஆசாமிக்கு ஒரு குட்டி நோட்டு. பெயர் 'மூட்பூக்'. வாங்குகிற பாட்டில் அத்தனையும் அதில் பதிவாகும். மாச அளவு தீர்ந்ததா, கடைக்காரர் கையை விரித்துவிடுவார். சம்பளம், குடும்பம், நடத்தை எல்லாம் விசாரித்துத்தான் அளவே. கல்யாணமான பெண்களுக்கு நோட்டு கிடையாது. வீட்டுக்கு ஒன்று போதுமாம், அதுவும் ஐயாவிடம்! குடித்துவிட்டுக் கலாட்டா பண்ணி போலீஸில் மாட்டினால் நோட்டு பறிமுதல்.

பறித்தால் விட்டுவிடுவானா? வாசனைகூடப் பிடிக்காத பக்கத்து வீட்டு உத்தமரிடமும் நோட்டு இருக்குமே. 'அண்ணே, உங்க கோட்டாவிலே கொஞ்சம்...' கள்ள வியாபாரம் ஜோராக நடந்தது. குடிக்காதவர்கூட, 'விட்டா வீணாப் போயிடுமே' என்று வாங்கி வைத்த கூத்தும் உண்டு.

1922-இல் முழு மதுவிலக்குக்கு ஓட்டெடுப்பு வைத்துப் பார்த்தார்கள். மயிரிழையில் தோற்றது. ஆகவே நோட்டே கதி.

1955 அக்டோபர் 1. நோட்டைத் தூக்கிக் கடாசினார்கள். அப்புறம்? போதையில் போலீஸிடம் மாட்டுகிறவர்கள் எண்ணிக்கை கிடுகிடுவென ஏறியது. பதறிப்போன சர்க்கார் வரியை ஏற்றியது.

கேலிக்கூத்துதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்த நோட்டு எத்தனை மனைவிமார்களுக்குப் பாதிச் சம்பளத்தையாவது மீட்டுக் கொடுத்திருக்கும்! அவர்களுக்குத்தான் நோட்டே கிடையாது.