பிள்ளைக்கும் ஒரு வரி எழுதுங்கள்

மணவிலக்கு முடிவாகும் நாளில் மஹல்லா ஜமாஅத்தில் எழுதப்படும் தாளை எண்ணிப் பாருங்கள். மஹர் கொடுத்தாயிற்றா, திருப்பித்தர வேண்டிய நகை எத்தனை சவரன், சீர்ப் பாத்திரங்கள் எவை, இத்தாக் காலச் செலவுக்கு எவ்வளவு என்பனவெல்லாம் வரிவரியாக இடம்பெறும். பிள்ளையைப் பற்றிப் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: குழந்தை தாயிடம் வளரும். தந்தை எந்நாளில் வந்து காண்பார், எங்கே காண்பார், பெருநாளன்று பிள்ளை எவ்வீட்டில் உண்ணும் என்பவை எழுதப்படுவதில்லை. எழுதாமல் விடப்பட்ட அந்த இடத்தில்தான் பின்னாளில் பகை முளைக்கிறது.

பார்க்க வரும் தந்தையை வாசலிலேயே திருப்பியனுப்பும் வீடுகள் உண்டு. பணம் தருகிறேன், ஆகவே பிள்ளையை அனுப்பு என்று அதட்டும் தந்தையரும் உண்டு. அழைத்துச் சென்ற பிள்ளையைத் திருப்பியனுப்பாமல் வைத்துக்கொள்வோரும் உண்டு. இம்மூன்றிலும் அடிபடுவது பேசத் தெரியாத அந்தப் பிள்ளையே.

அன்புச் சகோதர சகோதரிகளே! இவ்விஷயத்தில் மார்க்கம் நமக்குத் தெளிவான வழியைக் காட்டியிருக்கிறது. பிள்ளையின் காரணமாகத் தாயும் வருத்தப்படலாகாது, தந்தையும் வருத்தப்படலாகாது என்பது அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் தரும் கட்டளை. பாலூட்டிக் காத்த மகனை, மணவிலக்குச் செய்த கணவர் பறிக்க முயல்கிறார் என்று முறையிட்ட பெண்மணியிடம், அவள் மறுமணம் புரியாதவரை அவளுக்கே உரிமை அதிகம் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள்.

உமர் (ரலி) அவர்கள் தம் மனைவியைப் பிரிந்த பின், குபாவில் விளையாடிக்கொண்டிருந்த தம் மகன் ஆஸிமைத் தூக்கித் தம் வாகனத்தில் அமர்த்திக்கொண்டார்கள். பிள்ளையின் பாட்டி தடுத்தார். வழக்கு கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களிடம் சென்றது. பிள்ளையை அப்பெண்ணிடமே விட்டுவிடுமாறு தீர்ப்பாயிற்று. உமர் (ரலி) அவர்கள் மறுபேச்சுப் பேசவில்லை. வீரத்திற்குப் பெயர் பெற்ற அவர்களே பணிந்த இடத்தில், நாம் வீம்பு காட்டுவது தகுமா?

ஹளானத் எனப்படும் வளர்ப்புரிமை ஹனஃபி மத்ஹபில் ஆண்பிள்ளைக்கு 7 வயது வரையும், பெண்பிள்ளைக்குப் பருவமடையும் வரையும் தாய்க்கு உரியது. ஷாஃபிஈ மத்ஹபிலோ ஏறத்தாழ 7 வயதில் விவரம் தெரிந்ததும், தாய் தந்தை இருவருள் யாரிடம் இருப்பது என்று பிள்ளையே தேர்ந்துகொள்ளலாம். அவ்வாறு தேர்ந்த பின்னும் மற்றவரின் உறவு அறுபடுவதில்லை. இமாம் நவவி அவர்களின் மின்ஹாஜ் நூல், தாயைத் தேர்ந்த மகன் இரவில் தாயிடமும், கல்வி பயிலப் பகலில் தந்தையிடமும் இருப்பான் என்கிறது. தந்தையைத் தேர்ந்த மகனைத் தாயைக் காணவிடாமல் தடுக்கலாகாது என்றும் கூறுகிறது. அந்த இமாம் மறைந்தது 1277ஆம் ஆண்டில். ஆகவே பிள்ளையைக் காணும் உரிமை நேற்று முளைத்த புதுமையன்று.

நாட்டின் சட்டமும் இதற்கு அருகிலேயே நிற்கிறது. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்பில் உள்ளோர் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பிள்ளை சார்ந்துள்ள சமயச் சட்டத்தைக் கருத்திற்கொண்டு, பிள்ளையின் நலன் எதுவெனப் பார்த்து முடிவு செய்யுமாறு கூறுகிறது. சிந்தித்துச் சொல்லும் வயதை எட்டிய பிள்ளையின் விருப்பத்தையும் நீதிபதி கேட்கலாம். பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊருக்குரிய நீதிமன்றத்தில்தான் மனுச் செய்ய வேண்டும். 2020 ஜனவரியில் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம், பிள்ளைக்குத் தாய் தந்தை இருவரின் அன்பும் வேண்டும் என்று வலியுறுத்தியது. உடன் வாழாத பெற்றோர் நாள்தோறும் 5 முதல் 10 நிமிடங்கள் பிள்ளையுடன் பேச வழியிருக்க வேண்டும் என்றும் கூறியது. வளைகுடா நாடுகளில் பணிபுரியும் தந்தையர் மிகுந்த நம் சமுதாயம் இதனை நெஞ்சில் பதிக்க வேண்டும்.

செலவுத்தொகை வேறு, சந்திப்பு வேறு. முஸ்லிம் தந்தையும் தம் பிள்ளைகளுக்கு ஜீவனாம்சம் தரக் கடமைப்பட்டவர் என்று 1997ஆம் ஆண்டில் நூர் சபா காத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்று 125ஆம் பிரிவின்கீழ் கேட்கப்பட்ட அத்தொகையை, 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவின்கீழ் கேட்க வேண்டும். பணம் வரவில்லை என்பதற்காகப் பிள்ளையை மறைப்பதும் முறையன்று; பிள்ளையைக் காட்டவில்லை என்பதற்காகப் பணத்தை நிறுத்துவதும் முறையன்று. உண்ணும் வாய் பிள்ளையுடையதன்றோ?

எனவே ஜமாஅத் பெரியவர்களும் இரு குடும்பத்தாரும் அந்தத் தாளில் சில வரிகளைச் சேர்த்து எழுதட்டும். வாரத்தில் எந்நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை. அழைத்துச் செல்பவர் யார், கொண்டுவந்து விடுபவர் யார். நோன்புப் பெருநாள் ஒரு வீட்டிலென்றால் ஹஜ்ஜுப் பெருநாள் மறு வீட்டில். கோடை விடுமுறையில் எத்தனை நாள். தந்தை அயல்நாட்டிலிருப்பின் தொலைபேசியில் பேசும் வேளை எது. பள்ளிக் கட்டணம் யார் பொறுப்பு, நோயுற்றால் செய்தி சொல்வது யார். சந்திக்கும் இடம் பிள்ளை அஞ்சாத இடமாக, மாமா வீடாகவோ பாட்டி வீடாகவோ இருக்கட்டும். காவல் நிலைய வாசலும் நீதிமன்றத் தாழ்வாரமும் பிள்ளை தந்தையைக் காணும் இடங்களாகிவிடக்கூடாது.

அடி, குடி, மிரட்டல் ஆகியவற்றால் முறிந்த மணமாயின் தாயின் அச்சத்தை அலட்சியம் செய்யலாகாது. அங்கே இருவரும் நம்பும் மூன்றாமவர் முன்னிலையில் மட்டுமே சந்திப்பு நிகழ வேண்டும். ஜமாஅத்தின் தாளுக்கு நீதிமன்ற ஆணையின் வலிமை இல்லை என்பதையும் மறக்கலாகாது. வாக்குமுறியும் என்று ஐயம் இருப்பின், அவ்வேற்பாட்டை நீதிமன்றத்தில் ஆணையாக்கிக்கொள்வதே பாதுகாப்பு. பெண்களுக்கும் சிறுவர்க்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெற 1987ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தந்துள்ளது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகினால் வழி கிடைக்கும்.

இன்னும் ஒன்று. தந்தை வீட்டிலிருந்து திரும்பிய பிள்ளையிடம், அங்கே உன் வாப்பா என்ன சொன்னார் என்று துருவாதீர்கள். அவரும், உன் உம்மா எப்படிப் பேசுகிறாள் என்று கேளாதிருக்கட்டும். உளவு சொல்லப் பழகிய பிள்ளை, இருவரையும் நம்பாமல் வளரும். கணவன் மனைவி என்னும் உறவு ஒரு சொல்லில் அறுந்துபோகலாம். தாய், தந்தை என்னும் உறவை அறுக்கும் சொல் எந்த மத்ஹபிலும் இல்லை.