கூட்டினின்று வீழ்ந்த குஞ்சு

விடுதி முற்றத்து மரத்தடியில் மைனாக் குஞ்சொன்று வீழ்ந்து கிடப்பின் நாம் செய்யத்தக்கது யாது? நம்மிற் பலர் அதனை அறைக்கு எடுத்துச் சென்று பாலும் சோறும் ஊட்டுவர். மறுநாள் அது மடியக் கண்டு வருந்துவர். இரக்கம் போற்றத்தக்கதே; ஆயினும் அறிவோடு கூடாத இரக்கம் தீங்காய் முடியும் என்பதே நம் கருத்து.

இறகு முளைத்துத் தத்தித் திரியும் குஞ்சு பறக்கப் பயில்வதாகும். தாய்ப்பறவையும் தந்தைப்பறவையும் தரையிலேயே அதற்கு இரையூட்டும். பூனை அணுகாவண்ணம் அதனைப் புதரருகே விட்டு நாம் அகலுதல் வேண்டும். இறகற்ற குஞ்சாயின் அதன் பொந்திற் சேர்க்கலாம். பொந்து எட்டாதாயின் சிறு கூடையிலிட்டு அம்மரத்திலேயே கட்டலாம். மனிதர் கை பட்ட குஞ்சைத் தாய் ஒதுக்கும் என்பது வெறும் கட்டுக்கதை. வாயில் நீர் வார்த்தலோ பெருந்தீங்கு. மூச்சுக்குழலின் வாய் நாவினடியில் இருத்தலின் நீர் அதனுட் புகுந்துவிடும். காயமுற்றதாயின் கால்நடை மருத்துவரையே நாடுக. மைனாவைக் கூண்டிலடைத்து வளர்த்தலோ 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்கும் மாறானது.

விலகி நின்றால் சில குஞ்சுகள் மடியவுங் கூடும்; ஆயினும் நம் அறையில் அவை பிழைப்பது அரிதினும் அரிது. நண்பர்காள், தாய் செய்யும் பணியைத் தாய்க்கே விட்டு விலகி நிற்றலும் ஒரு தொண்டே.