மன்றத்துக்கும் ஒரு மாலை கொடுங்கள்: மடவளை மக்களுக்கு வேண்டுகோள்



ஓ.எல்., ஏ.எல். பெறுபேறுகளை நினைத்துப் பயந்து, பாடசாலை விட்டதும் பிள்ளைகளை டியூஷனுக்கு அனுப்புகிறோம். அந்தப் பயம் நியாயமானதே. ஆனால் அதற்காகப் பாடசாலையின் வர்த்தக மன்றம், தொழில்நுட்ப மன்றம், விவசாயக் கழகம் எதிலும் சேராமல் அவர்களை மறித்துவிடுகிறோம். இந்த மன்றங்களால் படிப்புக் கெடாது, ஊன்றும் என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம்.

ஐந்தொகையைப் பரீட்சைக்கு மனனம் செய்யும் பிள்ளை, பரீட்சை முடிய அதை மறந்துவிடும். பாடசாலைக் கண்காட்சியில் மன்றத்தின் கடையை நடத்தி, வாங்கியது, விற்றது, கடன் நின்றது எல்லாவற்றையும் எழுதிச் சமப்படுத்திய பிள்ளை மறக்காது. உயர்தரத்தில் 2013இல் தொடங்கிய தொழில்நுட்பப் பிரிவும் கையால் செய்து பார்த்தால்தான் விளங்கும்.

வெளிநாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவில் விவசாயம் படிக்கும் மாணவர்களுக்கான அமைப்பு 1928இல் கன்சாஸ் சிட்டியில் தொடங்கியது, இன்றும் இயங்குகிறது. இத்தகைய தொழில்சார் மாணவர் அமைப்புகளைப் பற்றி அங்கே 2007இல் வெளியான ஓர் ஆய்வு, அவற்றின் வேலைகளில், குறிப்பாகப் போட்டிகளில், கூடுதலாகப் பங்கெடுத்த மாணவர்களிடம் படிப்பில் ஈடுபாடும் மேற்படிப்பு ஆசையும் கூடியிருந்ததைக் கண்டது.

மன்றப் பிள்ளைகள் போய்ப் பழகக்கூடிய இடங்களும் நமக்குத் தூரத்தில் இல்லை. பொல்கொல்லையில் கூட்டுறவுக் கல்வி நிறுவனம், குண்டசாலையில் விவசாயப் பாடசாலை, பேராதனையில் பல்கலைக்கழகமும் விவசாயத் திணைக்களத் தலைமையகமும் இருக்கின்றன. ஒரு பஸ் பிடித்தால் போய்ப் பார்க்கலாம்.

பெற்றோரே, வாரத்தில் ஒரு மாலையை மன்றத்துக்கு விடுங்கள். பெண் பிள்ளைகளையும் தடுக்காதீர்கள்.

அதிபர்களே, ஆசிரியர்களே, கூட்டங்களைப் பாடசாலைக்குள், பெண் பிள்ளைகள் பயமின்றி வீடு திரும்பக்கூடிய நேரத்தில் வையுங்கள். மன்ற வேலையைப் பாடவிதானத்தோடு சேர்த்துத் திட்டமிடுங்கள்.

வியாபாரிகளே, நம் ஊரின் பெரிய அனுபவம் உங்களிடம்தான் இருக்கிறது. கடைக்கு வரும் மாணவருக்குக் கொள்முதலையும் கணக்குப் புத்தகத்தையும் காட்டிக் கொடுங்கள். வெளியூரில் தொழில் செய்யும் பொறியியலாளர்களே, கணக்காளர்களே, தாதியரே, லீவில் வரும்போது ஒரு மணி நேரம் பிள்ளைகளோடு உட்காருங்கள்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் புள்ளிகளை மட்டும் விசாரித்துவிட்டு வராதீர்கள். "என் பிள்ளை எந்த மன்றத்தில் இருக்கிறது, அங்கே என்ன செய்கிறது?" என்றும் கேளுங்கள். பெற்றோர் கேட்கத் தொடங்கினால் மன்றங்கள் தாமாக உயிர் பெறும்.

இப்படிக்கு,
மடவளையின் பெற்றோர், பழைய மாணவர் சிலர்