கஞ்சிங் காட்டின் பாடும் பறவைகள்: எங்கள் நிலைப்பாடு

காட்டில் பிடித்த பாடும் பறவையை எவரும் கூண்டில் வைத்திருக்கக் கூடாது. முராய் பத்து என்னும் பாடும் பறவையை வளர்க்க உரிமம் கேட்பவர், தம்மிடம் உள்ள பறவை கூண்டிலேயே குஞ்சு பொரித்தது என்பதைத் தாமே நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க முடியாத பறவைக்கு உரிமம் தரலாகாது. ரவாங் வட்டாரத்தில் வாழும் இயற்கை ஆர்வலர்களாகிய நாங்கள் நெடுநாள் பேசி, ஒருவரோடொருவர் முரண்பட்டு, கடைசியில் வந்து சேர்ந்த முடிவு இது. காரணங்களைப் பொதுமக்கள் முன் வைக்கிறோம்.

ரவாங்கிலிருந்து செலாயாங் போகும் பழைய சாலையில் பயணம் செய்பவர்களுக்குக் கஞ்சிங் காடு புதிதல்ல. ஒருபுறம் தாக்குன் சுண்ணாம்புக் குன்று, டெம்ப்ளர் பூங்கா. மறுபுறம் ஏழு அடுக்காக இறங்கும் கஞ்சிங் நீர்வீழ்ச்சி. வார இறுதியில் குடும்பம் குடும்பமாக நாம் குளிக்கப் போகும் இடம். இந்த வட்டாரத்தின் சமவெளிக் காட்டை முதலில் ஈயச் சுரங்கங்கள் தின்றன; பிறகு நம் பாட்டன்மார் வியர்வை சிந்திய ரப்பர் தோட்டங்கள் வந்தன; அவற்றின் இடத்தில் செம்பனையும் தாமான்களும் தொழிற்பேட்டைகளும் எழுந்தன. மிஞ்சியது மலையடிவாரக் காடு மட்டுமே. தாழ்நிலக் காட்டை நம்பி வாழும் பறவைகளுக்கு அதைவிட்டால் வேறு போக்கிடம் இல்லை.

அவற்றில் பல, வெட்டவெளியைக் கடக்கவே அஞ்சும் இனங்கள். தரையோரப் புதரில் இரை தேடும் சிலம்பன்கள் ஓர் அகலமான சாலையைக்கூடப் பெரும்பாலும் தாண்டுவதில்லை. துடுப்புவால் கரிச்சான் நடு அடுக்கில் மற்றப் பறவைகளோடு கூட்டமாக இரை தேடுகிறது. சிலந்திபிடிப்பானுக்குக் காட்டுவாழையின் பூ வேண்டும். முராய் பத்து என்று மலேசியர் அனைவரும் அறிந்த, தமிழ்நாட்டார் சோலைபாடி என்று அழைக்கும் பறவை, நிழல் அடர்ந்த கீழடுக்கில் பூச்சி பிடித்து, மரப்பொந்தில் முட்டையிடுகிறது. பட்ட மரத்தையும் பொந்து மரத்தையும் அகற்றித் துப்புரவு செய்துவிட்ட காட்டில் அதற்கு வீடு இல்லை. ஆகவே காட்டின் பரப்பை மட்டும் கணக்கிட்டுத் திருப்திப்பட முடியாது. அது துண்டுபடாமல் இருக்கிறதா, கீழடுக்கு கலையாமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

நல்லது நடந்திருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். 2017 நவம்பரில் திறக்கப்பட்ட ரவாங் புறவழிச் சாலை இந்தக் காட்டைக் கடக்கும் இடத்தில் மலையை வெட்டாமல் உயரமான தூண்களின் மேல் தூக்கிக் கட்டப்பட்டிருக்கிறது. உலகில் கஞ்சிங்கில் மட்டுமே இயற்கையாக வளரும் கியாம் கஞ்சிங் மரமும் அப்படிக் கட்டியதற்கு ஒரு காரணம். ஒரு மரத்துக்காகச் சாலையின் வடிவத்தை மாற்ற முடிந்த ஊர் இது. சிலாங்கூர் மாநிலம் 2010இல் தொடங்கி 25 ஆண்டுகளுக்கு மரம் வெட்டும் தொழிலுக்குத் தடை விதித்ததையும் வரவேற்கிறோம்.

ஆனால் வனக் காப்பகம் என்ற தகுதியை அரசிதழ் அறிவிப்பால் நீக்கிவிட்டால் அந்தத் தடைக்குப் பொருளே இல்லை. இதே மாநிலத்தின் வட கோல லங்காட் வனக் காப்பகத்தில் 536.7 ஹெக்டர் நிலத்தின் தகுதி நீக்கப்பட்டது 2021 ஆகஸ்டில்தான் வெளியே தெரிந்தது. மக்களின் எதிர்ப்புக்குப் பிறகு செப்டம்பரில் மாநில அரசு அம்முடிவைக் கைவிட்டது. கஞ்சிங், டெம்ப்ளர், செரெண்டா காடுகளில் ஓர் ஏக்கரைக்கூட இப்படி நீக்குவதை நாங்கள் ஏற்க மாட்டோம். மாற்று நிலம் தருகிறோம் என்ற பதிலும் எங்களுக்குப் போதாது. நூறாண்டு வளர்ந்த கீழடுக்கை வேறோரிடத்தில் நட்டுத் தர யாராலும் முடியாது.

இதுவரை சொன்னது பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் விஷயம். எங்களுக்குள்ளேயே கருத்து மோதல் எழுந்தது கூண்டைப் பற்றிப் பேசியபோதுதான்.

பாராவ்-பாராவ் என்னும் பெரிய சின்னானின் கதையை எடுத்துக்கொள்வோம். ஆற்றோரக் காட்டில் ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடும் பறவை. தென்கிழக்கு ஆசியாவிலேயே மிக இனிய குரல்களில் ஒன்று அதனுடையது. அந்தக் குரலே அதற்கு எமனாகிவிட்டது. தாய்லாந்தில் அது அழிந்துவிட்டது. ஜாவாவில் இல்லை. சுமத்ராவில் ஏறக்குறைய இல்லை. அதற்கு ஏற்ற ஆற்றோரக் காடுகள் மிஞ்சியிருந்த இடங்களிலிருந்தும் அது மறைந்தது. 2018இல் அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழிவின் விளிம்பில் நிற்கும் இனங்களில் சேர்த்தது. ஆனால் கட்டடங்கள் நெருங்கி நிற்கும் சிங்கப்பூரில், சிறு சிறு பசுமைத் துண்டுகளிலும் உபின் தீவிலும், அது சில நூறு எண்ணிக்கையில் வாழ்கிறது. அங்கே காடு சிறியது, ஆனால் பிடிப்பவர்கள் குறைவு. சுற்றியுள்ள நாடுகளில் காடு பெரியது, பிடிப்பவர்களோ அதிகம். இந்த ஒப்பீடுதான் எங்களில் பலரின் மனத்தை மாற்றியது. மரத்தைக் காத்துவிட்டால் பறவை தானே பிழைத்துக்கொள்ளும் என்று இனி எங்களால் சொல்ல முடியவில்லை.

பிடிப்பது எவ்வளவு எளிது என்பது பலருக்குத் தெரியாது. ஆண் முராய் பத்து தன் எல்லைக்குள் இன்னொரு ஆணின் குரலைக் கேட்டால் எதிர்க்க வந்துவிடும். பழக்கிய பறவையைக் கூண்டில் தொங்கவிட்டோ, கைப்பேசியில் பதிவு செய்த பாட்டை ஒலிக்கவிட்டோ அதை வரவழைத்து, வலையிலோ பசையிலோ சிக்க வைத்துவிடுகிறார்கள். நன்றாகப் பாடி, துணிந்து எல்லை காக்கும் ஆணே முதலில் மாட்டிக்கொள்கிறது. ஓர் ஓடைக்கரையில் ஆண்கள் அத்தனையும் பிடிபட்டால் அந்தக் கரையில் அடுத்த குஞ்சு ஏது? மரம் ஒன்றுகூட விழுந்திருக்காது. குளிக்க வந்தவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

பிடித்தது நம் ஊரோடு நிற்பதுமில்லை. ஜாவாவில் மட்டும் கூண்டுப் பறவைகள் ஆறு கோடிக்கு மேல் இருக்கும் என்று 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணித்தது. அந்தப் பசிக்கு மலேசியக் காடுகளும் தீனி போடுகின்றன. மலாக்கா நீரிணையைக் கடந்து சுமத்ராவுக்குப் பறவைகள் கடத்தப்படுவதை வனவிலங்கு வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பு தொடர்ந்து பதிவு செய்து வருகிறது. தோட்டத்து லயங்களின் கூரையில் விடிகாலையில் சீட்டியடித்த முராய் கம்போங், அதாவது நம் குண்டுக்கரிச்சான்கூட, இன்று ஆயிரக்கணக்கில் பறிமுதல் செய்யப்படும் சரக்காகிவிட்டது. இது எங்களுக்கு மிகுந்த வேதனை தருகிறது.

சட்டம் இல்லாமலில்லை. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முராய் பத்து பாதுகாக்கப்பட்ட இனம். வைத்திருக்க உரிமம் தேவை. 2022 நவம்பரில் பனாமாவில் கூடிய, காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் மாநாடு பாராவ்-பாராவை மிகக் கடுமையான முதல் பட்டியலுக்கு உயர்த்தியது, முராய் பத்துவை அடுத்த நிலையான இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. இரண்டையும் முன்மொழிந்த நாடுகளில் மலேசியாவும் ஒன்று. உலக அரங்கில் எடுத்த அந்த நிலையை உள்ளூரிலும் எடுக்க வேண்டும் என்றே கேட்கிறோம். கூண்டில் பிறந்ததையும் காட்டில் பிடித்ததையும் உரிமத் தாளை வைத்து மட்டும் பிரித்தறிய முடியாது. இதற்கு வழி உண்டு. மூட்டு இல்லாத வளையத்தைப் பிறந்து சில நாளே ஆன குஞ்சின் காலில் மட்டுமே நுழைக்க முடியும். வளர்ந்த பறவையின் பாதம் அதற்குள் போகாது. எண் பொறித்த, சரியான அளவுள்ள வளையம், அதோடு தாய் தந்தைப் பறவைகளின் பதிவேடு, ஐயம் எழுந்தால் மரபணுச் சோதனை. இவற்றை வனவிலங்குத் துறை கட்டாயமாக்க வேண்டும்.

பறவை வளர்ப்பவர்களை நாங்கள் பகைவர்களாகக் கருதவில்லை. அவர்கள் எங்கள் அண்டை வீட்டார், உறவினர். அந்தப் பாட்டின் நுட்பத்தை எங்களைவிட நன்றாக அறிந்தவர்களும் அவர்களுள் உண்டு. அதனால்தான் முழுத் தடை கோரவில்லை. இந்தியாவில் அத்தடை இருக்கிறது: 1990-91 முதல் அந்நாட்டுப் பறவைகளை விற்பது சட்டவிரோதம், சோலைபாடியும் அதில் அடக்கம். எங்களில் சிலர் அதையே இங்கும் வேண்டினார்கள். கூண்டிலேயே இனப்பெருக்கம் செய்து நேர்மையாகப் பிழைப்பவர்களைத் தண்டிக்க வேண்டாம் என்று பெரும்பான்மையோர் முடிவு செய்தோம். ஆனால் பாராவ்-பாராவுக்கு இந்தச் சலுகை பொருந்தாது. அந்த இனத்தை வளர்க்கத் தனியாருக்குப் புதிய உரிமம் எதுவும் தரக் கூடாது.

பாட்டுப் போட்டி நடத்துவோரிடம் ஒன்று கேட்கிறோம்: மூட்டில்லா வளையம் இல்லாத பறவையை மேடையேற்றாதீர்கள். சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, உங்கள் விதிமுறையில் ஒரு வரி போதும். செலாயாங் நகராண்மைக் கழகம் போட்டிகளுக்கு இடம் தரும்போது அந்த வரியை நிபந்தனையாக்கலாம். வனத்துறையும் வனவிலங்குத் துறையும் கஞ்சிங் ஓடையோரப் பாதைகளில், குறிப்பாகக் குஞ்சு பொரிக்கும் ஆண்டின் முற்பாதியில், விடியற்காலைச் சுற்றுக்காவல் நடத்த வேண்டும். நீர்வீழ்ச்சி நுழைவாயிலில் பகலில் மட்டும் இருக்கும் காவல் இதற்கு உதவாது, ஏனெனில் வலை கட்டுபவர்கள் நுழைவாயில் வழியாக வருவதில்லை. எங்கள் பங்குக்கு, காட்டோரத்தில் வலையையோ பசைக் குச்சியையோ கண்டால் படமெடுத்து, இடத்தைக் குறித்து, துறைக்கு உடனே தெரிவிக்க உறுப்பினர்களுக்குப் பயிற்சி தருவோம். பிடிப்பவரோடு யாரும் நேரடியாக மோத வேண்டாம் என்பதும் எங்கள் முடிவு.