கழற்றி மாட்டத் தெரிந்தால் போதுமா?

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் புது வண்டிகளுக்கு பிஎஸ்-6 மாசு விதி கட்டாயமானது. பிஎஸ்-5 என்ற படியில் கால் வைக்காமலே நான்கிலிருந்து ஆறுக்குத் தாவினோம். லாரியிலும் பேருந்திலும் எஞ்சினின் ஒவ்வொரு அசைவையும் கணினி தீர்மானிக்கிறது; நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கப் புகைக்குழாயில் யூரியா கரைசல் தெளிக்கப்படுகிறது. ஆனால், இந்த வண்டிகளைப் பழுது பார்க்கப்போகும் பிள்ளைகளுக்கு, ஐடிஐயின் 'மெக்கானிக் டீசல்' பிரிவில் நாம் ஒதுக்கியிருப்பது ஒரே ஓர் ஆண்டு. ஸ்பானர் பிடிப்பதில் தொடங்கி சென்சார் வரை எல்லாமே அதற்குள் அடங்க வேண்டும். எல்லாவற்றையும் தொட்டுக் காட்ட நேரம் போதாது என்றால், எதை அழுத்திச் சொல்லிக்கொடுப்பது என்று முடிவெடுத்தாக வேண்டும். பழுதைக் கண்டுபிடிக்கும் சிந்தனையைத்தான் முதலில் கற்றுத்தர வேண்டும், தேர்வும் அதையே சோதிக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஒரு லாரி காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்று வைத்துக்கொள்வோம். காமன் ரெயில் எஞ்சினில், எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவான குழாயான ரெயிலுக்குள் டீசலின் அழுத்தம் குறிப்பிட்ட அளவுக்கு ஏறாதவரை கணினி இன்ஜெக்டர்களைத் திறக்க விடாது. அழுத்தம் ஏறாததற்கு ஃபில்டர் அடைப்பு காரணமாக இருக்கலாம், டீசல் வரும் குழாயில் காற்று புகுந்திருக்கலாம், பம்ப் தேய்ந்திருக்கலாம், ஏதோ ஓர் இன்ஜெக்டர் உள்ளுக்குள் கசியலாம். யோசிக்கப் பழகாதவர் நேராகப் பம்பில் கைவைப்பார். அது பெரிய செலவு, பல நேரங்களில் வீண் செலவும்கூட. பழகியவர் முதலில் ஃபில்டரையும் குழாயையும் பார்ப்பார். பிறகு, ஒவ்வோர் இன்ஜெக்டரின் ரிட்டர்ன் வழியிலும் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகித் தனித்தனிப் புட்டியில் விட்டு, எஞ்சினைச் சுற்ற வைத்து, எந்தப் புட்டியில் டீசல் வேகமாக ஏறுகிறது என்று கவனிப்பார். கசியும் இன்ஜெக்டர் அதுதான். சில நிமிட வேலை. கருவிக்கு ஆகும் செலவோ மிகச் சொற்பம். யூரியா விளக்கு எரிந்து வண்டி இழுவை குறையும்போதும் இதே கதைதான். சென்சாரை மாற்றுவதற்கு முன், தெளிப்பு முனையில் யூரியா உப்பாகப் பூத்து அடைத்திருக்கிறதா, கரைசலில் யாராவது தண்ணீர் கலந்தார்களா என்று பார்க்கத் தெரிய வேண்டும்.

இதையெல்லாம் பட்டறையே கற்றுக்கொடுக்கும், ஐடிஐ எதற்கு என்பார்கள். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பட்டறைகள் லாரித் தொழிலையும் போர்வெல் ரிக் வண்டிகளையும் பல பத்தாண்டுகளாகத் தாங்கி நிற்கின்றன. அங்குள்ள மேஸ்திரிகளின் காதும் கையும் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காதவை. ஆனாலும் பழைய எஞ்சினில் சரியாக இருந்த வழக்கம் புதியதில் உயிருக்கே உலை வைக்கும். எந்த சிலிண்டர் அடிக்கவில்லை என்று அறிய, எஞ்சின் ஓடும்போதே இன்ஜெக்டர் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்பது பழைய முறை. காமன் ரெயிலில் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும். அந்த நட்டைத் தளர்த்தினால் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியதுபோல் சிறு புள்ளிதான் தெரியும். உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரும். இதை அறியாமல் ஒரு பையன் ஸ்பானரை எடுப்பதை எந்த மேஸ்திரியும் விரும்பமாட்டார். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012லேயே அறிவித்துவிட்டது. மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டு வேலை செய்யும் வழக்கத்தையும் வகுப்பறையில்தான் உடைக்க முடியும்.

மின்சார வண்டிகள் வந்துகொண்டிருக்கும்போது டீசல் படிப்பு எதற்கு என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி. நகரப் பேருந்தும் சிறு வண்டியும் வேகமாக மாறும் என்பதை நானும் ஏற்கிறேன். போர்வெல் ரிக், அறுவடை இயந்திரம், டிராக்டர், நாகையிலும் தூத்துக்குடியிலும் கடலுக்குப் போகும் விசைப்படகு, மருத்துவமனை ஜெனரேட்டர் ஆகியவை அவ்வளவு சீக்கிரம் மாறப்போவதில்லை. இன்று வாங்கும் லாரியும் இன்னும் பல ஆண்டுகள் சாலையில் ஓடும். அதைவிட முக்கியமானது, ஒயரிங் படத்தைப் படித்து, மல்டிமீட்டரால் அளந்து, காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கப் பழகிய பிள்ளைக்கு மின்சார வண்டியும் அந்நியமாக இருக்காது. கழற்றி மாட்ட மட்டுமே தெரிந்தவருக்குத்தான் மாற்றம் இடியாக விழும்.

பணம் எங்கே என்ற கேள்விக்குத் தமிழ்நாடு ஓரளவு பதில் சொல்லிவிட்டது. டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐடிஐகளைத் தொழில் 4.0 மையங்களாகத் தரம் உயர்த்தியிருக்கிறது. ஆனால், இயந்திரம் வாங்குவதைவிடக் கடினமான வேலை ஆசிரியரைப் புதுப்பிப்பது. பிஎஸ்-3 காலத்தில் பயிற்சி பெற்ற ஆசிரியர், வேலைசெய்யும் பிஎஸ்-6 பணிமனையில் கைவைக்காமல் அதை எப்படி நடத்துவார்? இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது அவரை ஒரு மாதம் முழுச் சம்பளத்தோடு போக்குவரத்துக் கழகப் பணிமனைக்கோ நிறுவன சர்வீஸ் மையத்துக்கோ அனுப்ப வேண்டும். தமிழில் ஐடிஐ புத்தகங்கள் போட, தேசிய பயிற்றுவிப்பு ஊடக நிறுவனம் கிண்டியிலேயே இருக்கிறது. பிழைக் குறியீடுகளையும் பழுது காணும் வரிசையையும் அவ்வப்போது திருத்திய கையேடாகத் தமிழில் தருவது அதனால் முடியாத காரியமல்ல.

இறுதித் தேர்வு அகில இந்திய அளவிலானது. மாநிலம் தனியாக அதை மாற்ற முடியாது. ஆனால், ஐடிஐக்குள் நடக்கும் செய்முறை மதிப்பீடு நம் கையில் இருக்கிறது. ஓடுகிற எஞ்சினில் வேண்டுமென்றே ஒரு பழுதை வைத்து, அரை மணி நேரம் கொடுத்து, 'எதை முதலில் பார்த்தாய், ஏன்?' என்று மாணவரைக் கேட்டு மதிப்பெண் போடலாம். அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன், குறைந்தது லாரித் தொழில் நடக்கும் நாமக்கல், சேலம் மாவட்டங்களிலாவது தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறை இதைத் தொடங்க வேண்டும்.