கல்லும் தரகும்

பென்னலூரில் நமக்குக் கல் என்றால் வீட்டுக் கடைகாலுக்கு இடும் கருங்கல்தான். நீலமும் பச்சையும் நம் மண்ணில் விளைவதில்லை. ஆயினும் கொங்கு நாட்டுக் குடியானவர்களின் கல் விவகாரத்தை நாம் ஈண்டு எடுத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. பொருளின் மதிப்பை அறியாதவர் விற்க, அறிந்தவர் வாங்கும் சந்தை எங்கிருப்பினும் அது கூட்டுறவாளரின் கவனத்திற்கு உரியதே. 1990-களில் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஆலைகள் எழுந்தபோது நிலத்தின் மதிப்பை விற்ற பிறகே தெரிந்துகொண்டோர் நம்மிடையே உளர். அவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

காங்கயம், சிவன்மலை, படியூர், கரூர் வட்டாரங்களில் மழை பெய்து ஓய்ந்தபின் உழவுக்காலில் பளிங்கும், கடல்நீல நிறப் பெரிலும், சிற்சில இடங்களில் நீலக்கல்லின் இனமாகிய குருந்தமும் கிடைப்பதுண்டு. (உலகெங்கும் வழங்கும் ‘கொரண்டம்’ என்ற பெயரே நம் குருந்தத்திலிருந்து சென்றதுதான்.) படியூரில் 1819-20இல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் பெரில் வெட்டி எடுத்தார். அதற்கும் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் மணித் தொழில் சிறந்திருந்தது. 1985 முதல் அங்கு நடந்த அகழாய்வுகளில் பாதி துளையிட்ட மணிகளும், கழித்துப் போட்ட சில்லுகளும் கிடைத்தன. நூல் நூற்கும் தக்களிகளும் கிடைத்தன. மண்ணில் எடுத்த கல் அவ்வூரிலேயே பட்டை தீட்டப்பெற்று மணியாகி வெளியேறியது என்பது இதனால் விளங்கும். இன்றோ அது மூலப்பொருளாகவே தரகர் வழியாகப் பெரும்பாலும் செய்ப்பூர் போகிறது.

மூலப்பொருளாக விற்பதன் நட்டம் எத்தகையது என்பதற்கு இலங்கையே சான்று. இரத்தினபுரியில் ‘கெவுடா’ எனப்படும் பால் படிந்த வெண்குருந்தம் நெடுங்காலம் மதிப்பற்றுக் கிடந்தது. 1970-களில் தாய்லாந்து வியாபாரிகள் அதனை அற்ப விலைக்கு வாங்கிச் சென்று, 1,500 பாகைக்கும் மேற்பட்ட வெப்பத்தில் சுட்டனர். கல்லுக்குள் இருந்த டைட்டேனியம் கரைந்து இரும்போடு கூடவே, பால் தெளிந்து நீலம் பிறந்தது. பாங்காக்கில் அது உயர்ந்த நீலமாக விலை போயிற்று. தோண்டியவனுக்குக் கிடைத்தது கூழாங்கல் விலை.

எனினும் அந்நாட்டிடம் நாம் கற்க வேண்டியதும் ஒன்று உண்டு. அங்கே குழியில் இறங்குவோர் பெரும்பாலும் நாட்கூலிக்கு உழைப்பதில்லை. நிலத்துக்குரியவர், உரிமம் பெற்றவர், நீரிறைக்கும் எந்திரம் தந்தவர், தோண்டுவோர் ஆகிய அனைவரும் விற்ற பணத்தில் பங்கு பெறுகின்றனர். மணிக்கல் கிடைக்கும் சரளைப் படிவத்தை அவர்கள் ‘இல்லம்’ என்கின்றனர். சிங்களச் சொல்லே எனினும், நம் செவிக்கு இனிதாகவே இருக்கிறது.

“அனுமதியின்றிக் கல் எடுப்பது குற்றமன்றோ? சங்கம் இதில் தலையிடலாமா?” என அங்கத்தினர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானது. அனுமதியின்றித் தோண்டுவதை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் அந்த அச்சமே தரகரின் முதலாக இருக்கிறது. அஞ்சியவன் இருட்டில் விற்கிறான். இருட்டில் விற்பவன் விலை பேசுவதில்லை. தனியொரு குடியானவரால் அரசிடம் சென்று உரிமம் பெறுதல் எளிதன்று. அவர்கள் ஒரு சங்கமாகக் கூடினால் விண்ணப்பிக்கலாம், ஏலம் நடத்தலாம், கணக்கும் காட்டலாம். பால்காரரும் நெசவாளரும் செய்து காட்டியதை இவர்கள் செய்ய முடியாது என்பதற்கு நமக்குக் காரணம் புலப்படவில்லை.

முதற்கண் வேண்டுவது சோதனை. பளிங்கின் ஒளிவிலகல் எண் 1.54, பெரிலுக்கு 1.57 அளவில்; குருந்தத்திற்கு 1.76. முகம் தீட்டிய கல்லாயின் கையடக்கமான ஒரு கருவி இதனைச் சில நிமிடங்களில் காட்டிவிடும். தீட்டாத குருந்தத்தை, தண்ணீரைப்போல் நான்கு மடங்கு கனப்பதைக் கொண்டே தராசில் அறியலாம். காங்கயத்தில் சந்தை கூடும் நாளில் ஓர் அறையும், ஒரு தராசும், நேர்மையான பரிசோதகர் ஒருவரும் இருந்தால் தொடங்கிவிடலாம். அவ்வட்டாரச் சங்கத்தினர் இதனை முன்வந்து ஏற்பாராயின், பரிசோதகரின் பயிற்சிச் செலவில் ஒரு பகுதியை நம் சங்கம் ஏற்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். அடுத்த பொதுக்குழுவில் இதனைத் தீர்மானமாகக் கொணர்வோம்.