மேசையில் வாங்கும் சம்மதம்

ஆஞ்சியோகிராம் முடிந்து நோயாளி இன்னும் மேசையில் படுத்திருக்கிறார். வெளியே காத்திருக்கும் குடும்பத்தாரை உள்ளே அழைத்துத் திரையைக் காட்டி, “எண்பது சதவீதம் அடைப்பு, இப்போதே ஸ்டென்ட் வைத்துவிடலாமா?” என்று கேட்கிறார்கள். அந்த நிமிடத்தில் ‘வேண்டாம்’ என்று சொல்ல எந்த மகனுக்கும் மகளுக்கும் துணிவு வராது; கையெழுத்து விழுந்துவிடும். மாரடைப்போடு வந்தவருக்கு இப்படி நடப்பதுதான் சரி. ரத்தக்கட்டி குழாயை முழுதாக அடைத்துவிட்ட நிலையில் இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கும். மருத்துவமனைக்கு வந்த 90 நிமிடங்களுக்குள் பலூனை விரித்துக் குழாயைத் திறப்பது உயிரைக் காக்கும். அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. ஆனால் வேகமாக நடந்தாலோ மாடி ஏறினாலோ மட்டும் நெஞ்சை அழுத்தி, நின்றதும் விட்டுவிடும் வலியோடு, மாதக்கணக்கில் ஒரே நிலையில் இருப்பவருக்கு அந்த அவசரம் கிடையாது. அவரிடம் சம்மதத்தை மேசையில் வைத்து வாங்கக் கூடாது.

அடைபட்ட தண்ணீர்க் குழாயைச் சுத்தம் செய்வதுபோல ஸ்டென்ட்டை நினைத்துக்கொள்வதால்தான் இந்த அவசரம் நியாயமாகத் தோன்றுகிறது. ரத்தக்குழாய் நோய் ஓரிடத்தோடு நிற்பதில்லை, குழாயின் சுவர் நெடுகப் படர்கிறது. பல மாரடைப்புகள், குழாயை அதிகம் குறுக்காத ஒரு கொழுப்புப் படிவு திடீரென வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைவதால் வருபவை. ஸ்டென்ட் தான் இருக்கும் சில சென்டிமீட்டரை மட்டும் விரித்துப் பிடிக்கும். ஸ்டாட்டின், ஆஸ்பிரின், ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது, புகையிலையை விடுவது ஆகியவையே எல்லாக் குழாய்களுக்கும் சேர்த்து வேலை செய்கின்றன. 2007-இல் வெளியான ‘கரேஜ்’ ஆய்வு 2,287 பேரை நாலரை ஆண்டுக்கு மேல் கவனித்தது. மருந்தோடு ஸ்டென்ட்டும் பெற்றவர்களுக்கும் மருந்து மட்டும் பெற்றவர்களுக்கும் இடையே இறப்பிலோ மாரடைப்பிலோ வித்தியாசம் தெரியவில்லை. இந்தியா உட்பட 37 நாடுகளில் 5,179 பேரிடம் நடந்து 2020-இல் வெளியான ‘இஸ்கீமியா’ ஆய்வு, ஸ்டென்ட் அல்லது பைபாஸை முதலிலேயே செய்வதால் அந்த இரண்டும் குறைகின்றனவா என்று பார்த்தது. மூன்றாண்டுக்கு மேல் கவனித்தும் முடிவு மாறவில்லை.

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது, ஸ்டென்ட் வைத்தவர்கள் வலி போய்விட்டது என்கிறார்களே என்பது. பிரிட்டனில் 301 பேரிடம் நடந்த ‘ஆர்பிட்டா-2’ ஆய்வு 2023-இல் இதை உறுதிசெய்தது. நெஞ்சுவலி மாத்திரைகளை நிறுத்திவிட்டு, பாதிப்பேருக்கு ஸ்டென்ட்டும் மீதிப்பேருக்குச் சிகிச்சை செய்வது போன்ற பாவனையும் கொடுத்துப் பார்த்ததில், ஸ்டென்ட் பெற்றவர்களின் வலி நன்றாகக் குறைந்திருந்தது. ஆகவே மாத்திரை போதாதவர்களுக்கும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் ஸ்டென்ட் நல்ல சிகிச்சை. ஆனால் வலி குறையும் என்று சொல்லி வாங்கும் சம்மதம் வேறு, வைக்காவிட்டால் உயிர் போகும் என்று சொல்லி வாங்கும் சம்மதம் வேறு.

இடது பிரதானக் குழாயில் அடைப்பு உள்ளவர்களையும் இதயத்தின் பம்ப் செய்யும் திறன் மிகக் குறைந்தவர்களையும் ‘இஸ்கீமியா’ ஆய்வு சேர்க்கவில்லை என்பதும் உண்மை. அவர்களுக்கு மருந்து மட்டும் போதும் என்று யாரும் சொல்லக் கூடாது. ஆனால் ஸ்டென்ட்டா பைபாஸா என்று யோசிக்க அவர்களுக்குத்தான் இன்னும் அதிக நேரம் வேண்டும். சர்க்கரை நோயோடு பல குழாய்களில் அடைப்பு உள்ளவர்களுக்கு ஸ்டென்ட்டைவிட பைபாஸே அதிக உயிர்களைக் காத்தது என்று 2012-இல் ‘ஃப்ரீடம்’ ஆய்வு காட்டியது. அறுவை நிபுணரோடு பேசாமல் மேசையிலேயே ஸ்டென்ட் வைத்துவிட்டால் அந்த வழியைப் பற்றிக் கேட்கவே இடமில்லாமல் போகிறது.

நம் ஊரில் மாத்திரையை யார் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள், அதற்கு ஸ்டென்ட்டே மேல் என்பார்கள். இது தலைகீழான வாதம். ரத்தம் உறையாமல் தடுக்கும் இரண்டு மாத்திரைகளை, ஸ்டென்ட் வைத்தவர் பொதுவாக ஆறு மாதமும் மாரடைப்பு வந்தவர் ஓராண்டும் விடாமல் சாப்பிட வேண்டும். பல் பிடுங்குவதற்காகக்கூட இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். ஸ்டென்ட் வைக்க இன்னொரு நாள் வரச் சொன்னால் செலவு இரட்டிப்பாகும் என்ற இன்னொரு மறுப்பில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் ஒருமுறை வைத்த ஸ்டென்ட்டை வெளியே எடுக்க முடியாது. மருந்து பூசிய ஸ்டென்ட்டின் விலைக்கு 2017 பிப்ரவரியில் மத்திய அரசு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு விதித்தது. விலை இறங்கியது என்பதற்காகத் தேவையில்லாத ஸ்டென்ட் தேவையாகிவிடாது.

ஆகவே ஆஞ்சியோகிராமுக்குக் கையெழுத்திடும் முன்பே கேளுங்கள்: எனக்கு மாரடைப்பா, இல்லையா? இல்லையென்றால், முழு அளவில் மருந்து கொடுத்துப் பார்த்தாயிற்றா? ஸ்டென்ட் வைப்பது வலிக்காகவா, உயிருக்காகவா? பதில் திருப்தி தராவிட்டால் படத்தின் சிடியையும் அறிக்கையையும் வாங்கிக்கொண்டு இன்னொரு மருத்துவரிடம் காட்டுங்கள். ஆனால் ஓய்வில் இருக்கும்போதே நெஞ்சு அழுத்தி, வியர்த்து, வலி தாடைக்கோ கைக்கோ பரவினால் யோசிக்க நேரம் கேட்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.